42-ஆம் எண் மரக்கால்

எங்கள் ஊர்க் காட்சிக்கூடத்தின் பதிவேட்டில் அந்த வரியை எழுதியது நான்தான். நீல மையில், என் கையெழுத்தில், இன்றும் அப்படியே இருக்கிறது: "41, 42. மரக்கால் இரண்டு. ஒன்று சற்றுச் சிறியது." நெல் அளக்கிற அந்த இரண்டில் பெரியதன் இரும்புப் பட்டைகளில் இருந்த துருவைத் தேய்த்து எடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தோம். சிறியதைச் சாக்கில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே உடைந்த பெஞ்சுகளோடு போட்டுவிட்டோம். ஒரே பொருளில் இரண்டு எதற்கு, இடம் வேறு போதவில்லை என்பது அன்றைக்குச் சரியான காரணமாகத்தான் பட்டது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு கற்பித்தவள் நான். சற்றுச் சிறியது என்று எழுதத் தெரிந்த எனக்கு, ஏன் சிறியது என்று கேட்கத் தோன்றவில்லை. ஒன்றரை வருடமாக அந்த வரி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர்ப் பொதுவில் ஒரு பழைய நெல் கிடங்கு பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. கீழடியில் 2023-ல் அருங்காட்சியகம் திறந்த பிறகு, பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தோம். திரும்பி வரும்போதுதான், நம் ஊருக்கும் ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. கிடங்கைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். குழுவில் நான், தமிழாசிரியர் ஒருவர், பொதுப்பணித் துறையில் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர், மளிகைக் கடைக்காரர், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் நான்கு பேர். பணம் குறைவு, ஆசை அதிகம்.

முதல் கூட்டத்தில் கரும்பலகையில் நான் எழுதிய திட்டம் இது: சங்க காலம், சோழர், நாயக்கர், மராட்டியர், ஆங்கிலேயர், விடுதலைப் போராட்டம். பாடப்புத்தகத்தின் பொருளடக்கம் அப்படியே சுவருக்கு ஏறியிருந்தது. ஒவ்வொரு தலைப்பின் கீழும் என்ன வைப்பது என்று யோசித்தபோது கை நின்றுவிட்டது. சோழருக்கு ராஜராஜன் படம். மராட்டியருக்கு சரபோஜி படம். விடுதலைப் போராட்டத்துக்கு 1930-ன் வேதாரண்யம் உப்பு யாத்திரைப் படம். எல்லாமே படம். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர் வாய்க்காலில் குளித்து, இந்த ஊர்ச் சுடுகாட்டில் வெந்தவர்களில் ஒருவர்கூட அந்தச் சுவரில் இல்லை. வண்டல் மண் வேறு. இங்கே தோண்டினால் சேறு வரும், பிறகு தண்ணீர் வரும். கீழடியைப் போல மண்ணுக்கடியில் எங்களுக்காக எதுவும் அடுக்கி வைக்கப்படவில்லை. எங்கள் ஊரின் புதையல் பரண்களில்தான் இருக்கிறது என்று லஸ்கர் ஐயா சொன்னார். அதுதான் முதல் உருப்படியான யோசனை.

பரண்கள் திறந்தன. இறைகூடை, ஏற்றச்சால், காம்பு தேய்ந்த கருக்கரிவாள், நெல் சேமிக்கும் பத்தாயத்தின் பலகை ஒன்று. விதைநெல்லை உள்ளே வைத்து வைக்கோல் புரி சுற்றிய விதைக்கோட்டையைப் பழைய பொருளாக யாரிடமும் வாங்க முடியவில்லை. கட்டத் தெரிந்த ஒருவர் எங்கள் கண் முன்னாலேயே கட்டிக் கொடுத்தார். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பலில் போய் வந்தவர்களின் தகரப்பெட்டிகள் மூன்று வந்தன. அதில் ஒன்றின் உள்மூடியில் பிள்ளைகளின் பிறந்த தேதிகள் கரியால் எழுதியிருந்தன. ஐந்து தேதி, ஐந்திலும் அப்பா கடலுக்கு அந்தப் பக்கம். ஊரின் பெரிய வீட்டிலிருந்து இரண்டு மரக்காலும் ஒரு கணக்கு மேசையும் வந்தன. அந்த வீட்டுப் பெரியவர் தாமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆளோடு ஆளாகப் பிடித்து இறக்கி வைத்துவிட்டுப் போனார். மரியாதைக்குரிய மனிதர். இந்தக் கட்டுரை அவரைக் குறை சொல்வதற்காக எழுதப்படவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கொடுக்கிற மரக்கால்

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, ஊர்ப் பெரியவர்களை மட்டும் அழைத்து ஒருமுறை காட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். எங்கள் குழுவில் இருந்த கல்லூரி மாணவி ஒருத்தி தன் பாட்டியைக் கூட்டி வந்தாள். எண்பது வயதை ஒட்டியவர். பத்து வயதில் நாற்றங்காலில் இறங்கியவர், முழங்கால் விட்டுப்போகும்வரை நடவு நட்டவர். வாசலில் செருப்பைக் கழற்றப் போனார், வேண்டாம் என்று தடுத்தோம். கேட்கவில்லை, கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். தகரப்பெட்டியைப் பார்த்தார், இறைகூடையின் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மரக்கால் இருந்த கண்ணாடிப் பெட்டியின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடிமேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, குனிந்து உள்ளே பார்த்தார். நான் பக்கத்தில் போய், விளக்கப் பலகையில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன்: "மரக்கால். நெல் அளக்கும் முகத்தலளவைக் கருவி. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்."

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "இது வாங்குகிற மரக்கால் டீச்சர். கொடுக்கிற மரக்கால் எங்கே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டேன். குத்தகை நெல் வந்து இறங்கும்போது பெரிய வீட்டுக் களத்தில் அளக்கிற மரக்கால் இது, அறுவடை முடிந்து எங்களுக்குக் கூலி அளக்கிற மரக்கால் வேறு, அது இதைவிடச் சிறியது, அது எங்கே என்று பொறுமையாகச் சொன்னார். குரலில் கோபம் எதுவும் இல்லை. வீட்டில் இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விசாரிப்பவரின் குரல். என் மனதில் பதிவேட்டின் வரி வந்து நின்றது. மாடிப்படிக்குக் கீழே போய், சாக்கைப் பிரித்து, 42-ஐ எடுத்து வந்தேன். கைகள் நடுங்கியது நினைவிருக்கிறது.

அதைக் கையில் வாங்கியதும் கவிழ்த்தார். அடியைத் தட்டினார். விளிம்பில் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இதேதான்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, நெல் இருக்கிறதா என்று கேட்டார். விதைக்கோட்டைக்குப் பக்கத்தில் காட்சிக்காக ஒரு மூட்டை நெல் வைத்திருந்தோம். அதைத் தரையில் பாய் விரித்துக் கொட்டச் சொன்னார். கிடங்கின் நடுவில் அவர் உட்கார்ந்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து 41-ஐயும் வெளியே எடுத்தோம்.

அடுத்த அரை மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது, முப்பது வருடம் கற்பித்ததில் இல்லை. பெரிய மரக்காலை நெல் குவியலுக்குள் குத்தி இழுத்து அள்ளினார். அள்ளிய வேகத்தில் நெல் நெருங்கி இறுகியது. ஒரு குலுக்கு. மேலே இன்னும் இரண்டு கை நெல்லை வைத்துக் கோபுரமாகக் குவித்தார். "வாங்கும்போது இப்படி." பிறகு சின்ன மரக்காலை நிமிர்த்தி வைத்து, இரண்டு கையாலும் நெல்லை அள்ளி, உயரத்திலிருந்து பூத்தூவுவதுபோலப் பொலபொலவென்று உதிர்த்தார். குலுக்கவில்லை, தட்டவில்லை. நிறைந்ததும் உள்ளங்கையால் விளிம்பை ஒரு வழி வழித்தார். "கொடுக்கும்போது இப்படி." இரண்டு முறையும் வாய் மட்டும் ஒரே மாதிரி எண்ணியது. ஒன்று என்று சொல்லமாட்டார்கள், 'லாபம்' என்றுதான் தொடங்குவார்கள் என்பது எனக்கும் தெரியும். லாபம், இரண்டு, மூன்று என்று என் அப்பா எண்ணியதைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் அந்தச் சொல்லை அன்றைக்கு அந்த வாயிலிருந்து கேட்டபோது உள்ளே எதுவோ அறுந்தது.

கோபுரத்தையும் குலுக்கலையும் விட்டுவிடுவோம், அளவை மட்டும் பார்ப்போம் என்றார் தமிழாசிரியர். பெரியதில் தலைதட்டி அளந்த நெல்லைச் சின்னதில் கொட்டினோம். வழிந்ததை முறத்தில் பிடித்து அளந்தால் ஓர் உழக்கு, கால் படி. ஒரு மரக்காலுக்கு ஓர் உழக்கு என்றால் ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு உழக்கு, அதாவது மூன்று படி. கல்லூரிப் பிள்ளைகள் கைப்பேசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பாட்டி முறத்தில் இருந்த நெல்லை விரலால் கிளறிக்கொண்டே, "ஒரு நாள் கஞ்சி" என்றார்.

அந்த முறத்தைத்தான் நான் மறக்க முடியாமல் தவிக்கிறேன். அகலமான மூங்கில் முறம், சாணி மெழுகியது, அதன் ஒரு மூலையில் ஒரு பிடி நெல். பெரிய மரக்காலும் இல்லை, சின்ன மரக்காலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த வித்தியாசம்தான் எங்கள் ஊரின் வரலாறு. அது எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லாமல் முறத்தின் மூலையில் கிடந்தது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய கதை இல்லை என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். 1940-களில் கீழத்தஞ்சையில் விவசாயிகள் சங்கம் எழுந்தபோது, தண்டனையாகச் சாணிப்பால் குடிக்க வைப்பதும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்று கேட்டவர்கள், கூலியை முத்திரை மரக்காலில், அதாவது அரசு முத்திரையிட்ட சரியான அளவு மரக்காலில், அளக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனதற்கு முன்னால் நடந்துகொண்டிருந்ததும் நெல் கூலித் தகராறுதான். இதையெல்லாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தேதிகள் தவறியதில்லை. கூலி உயர்வு என்ற சொல்லை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன். அந்த உயர்வு உள்ளங்கையில் எவ்வளவு கனம் என்பதை மட்டும் நான் எந்தப் பிள்ளைக்கும் காட்டியதில்லை, எனக்கே தெரியாது.

காளை இல்லாத கை

அந்த வாரமே தஞ்சாவூருக்குப் போனேன். அரண்மனைக் கலைக்கூடத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆனாலும் இன்னொரு முறை பார்க்க வேண்டும்போல இருந்தது. திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் அங்கே இருக்கிறார். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த செப்புத் திருமேனி. சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மாற்றி வைத்து, ஒரு கையைக் காளையின் மேல் ஊன்றியபடி நிற்கிறார். காளைதான் இல்லை. கை காற்றின்மேல் ஊன்றியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக அந்தக் கை தளரவில்லை. முன்பெல்லாம் நான் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்த முறை அந்தக் கைக்குக் கீழே இருந்த வெற்றிடத்தையே வெகுநேரம் பார்த்தேன். இல்லாத காளையின் உயரம் என்ன, திமில் எங்கே இருந்திருக்கும் என்பதெல்லாம் அந்தக் கையின் வளைவிலேயே தெரிகிறது. பக்கத்தில் ஒரு சிறுமி தன் அப்பாவிடம், இவர் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டாள். அந்தக் கூடம் முழுக்க இருந்த எத்தனையோ அழகான சிலைகளுக்கு நடுவில், அந்தக் குழந்தையைக் கேட்க வைத்தது இல்லாமல் போன ஒரு மாடு.

காட்சிக்கூடம் அமைப்பதைப் பற்றிப் பேசும்போது பலரும் தொடுதிரை வேண்டும், ஒளி ஒலி வேண்டும், அப்போதுதான் பிள்ளைகள் நிற்பார்கள் என்கிறார்கள். எங்களிடமும் சொன்னார்கள். பணம் இருக்கிற இடத்தில் செய்யட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் நிற்பது கேள்வி எழும் இடத்தில்தான் என்று உறுதியாக நம்புகிறேன். விடையைப் பலகையில் எழுதி, பொருளை அதற்குப் பக்கத்தில் சாட்சியாக வைத்தால் அவர்கள் பலகையையும் படிப்பதில்லை, பொருளையும் பார்ப்பதில்லை. என் முதல் விளக்கப் பலகை செய்தது அதைத்தான். நெல் அளக்கும் கருவி என்று சொன்னவுடன் அந்தப் பொருளைப் பற்றிக் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லாமல் போய்விட்டது.

திறப்பு விழாவைத் தள்ளி வைத்தோம். மரக்கால் பகுதியை முழுவதும் மாற்றினோம். முதலில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வரவழைத்து ஒத்திகை பார்த்தோம். மேசை உயரம் அவர்கள் நெஞ்சளவுக்கு வந்தது, மரக்காலைத் தூக்கிக் கவிழ்க்க முடியவில்லை. அதனால் மேசையையே எடுத்துவிட்டு, பாய் விரித்துத் தரையில் உட்கார வைத்தோம். பாட்டி உட்கார்ந்தது போலவேதான். 41-ஐயும் 42-ஐயும் பல நூறு பிள்ளைகள் கையாண்டால் தாங்காது. தச்சர் ஒருவரை வைத்து, அதே அளவில் பலா மரத்தில் இரண்டு பிரதி செய்தோம். அசல்கள் கண்ணாடிக்குள், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக. பிரதிகள் பாயில், நெல்லோடு. புதிய பலகையில் மூன்று வரி மட்டும்: "இரண்டுக்கும் பெயர் மரக்கால். ஒன்றில் அளந்து மற்றதில் கொட்டிப் பாருங்கள். மிச்சத்தை முறத்தில் போடுங்கள்."

நெல்லை வைத்துக் காட்சி அமைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு மாதத்தில் அந்து விழுந்துவிடும். கிடங்கு முழுக்கச் சின்னச் சின்னப் பூச்சியாகப் பறக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இன்னும் மோசம். காய்ந்த நெல்லை மாதாமாதம் மாற்றுவது என்று வைத்துக்கொண்டோம், ஊரில் ஒவ்வொரு வீடும் ஒரு மாதத்துக்குப் பொறுப்பு. பழைய நெல் கோழிக்குப் போகிறது. பழைய போட்டோக்களின் அசலை இருட்டில் வைத்துவிட்டு நகலைத்தான் மாட்டியிருக்கிறோம், ஜன்னல் வெயில் ஒரே கோடையில் முகங்களை அழித்துவிடும். சுவரின் ஓதம் ஏறாமல் இருக்க எல்லாப் பெட்டிகளையும் ஒரு சாண் தள்ளி வைத்தோம்.

தரையில் ஓடும் ஆறு

மரக்கால் கற்றுக்கொடுத்த பாடத்தோடு மற்றவற்றையும் திரும்பிப் பார்த்தபோது, சுவரில் மாட்டுவதற்காகச் செய்யச் சொல்லியிருந்த பெரிய காவிரி வரைபடம் கண்ணில் உறுத்தியது. குடகு முதல் பூம்புகார் வரை நீலக்கோடு. மேட்டூர், முக்கொம்பு, கல்லணை எல்லாம் இருந்தன. எங்கள் ஊருக்கு வந்து சேர்கிற வாய்க்கால் இல்லை. லஸ்கர் ஐயாவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு கிடங்கின் தரையில் உட்கார்ந்தார். நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் தொடங்கினார். அங்கே வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அங்கிருந்து எங்கள் வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால்கள், மதகுகள், மதகுக்கு மதகு பெயர். நாற்பது வருடம் பலகை போட்டு பலகை எடுத்த கை. ஒரு வளைவுகூடத் தவறவில்லை. வரைந்து முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எந்த மதகில் எந்த வருடம் யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதையும் சொல்லிக்கொண்டே வந்தார். பிள்ளைகள் பதிவு செய்துகொண்டார்கள்.

அதை அப்படியே தரையில் பெயின்ட் அடித்துவிட்டோம். உள்ளே வருகிற பிள்ளை தலைமடையில் நின்று கடைமடைக்கு நடக்கிறது. மேட்டூர் அணை கட்டி முடித்தது 1934-ல், வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12 என்பதெல்லாம் தலைமடையில் ஒரு பலகையில் இருக்கிறது. எட்டு வருடம் தவறிய பிறகு 2020-ல் அந்தத் தேதிக்குத் திறந்ததும், 2022-ல் மே 24 அன்றே திறந்ததும் எழுதியிருக்கிறோம். ஆனால் கடைமடையில் இருக்கிற பலகையை ஊர்க்காரர்கள்தான் எழுதுகிறார்கள். தண்ணீர் எங்கள் வயலுக்கு வந்து சேர்ந்த தேதி. முதல் வருடத் தேதியை எழுத மூன்று பேர் போட்டி போட்டார்கள், ஏனென்றால் மூன்று பேர் வயலுக்கும் வெவ்வேறு நாளில் வந்திருக்கிறது. மூன்றையும் எழுதினோம். இப்போது அந்தப் பலகை முன்னால்தான் பெரியவர்கள் அதிக நேரம் நிற்கிறார்கள். குறுவை போட்டது, போடாமல் விட்டது, சம்பாவுக்கு விதை தெளித்துவிட்டு வானம் பார்த்தது என்று பேச்சு நீள்கிறது.

பெயர் எழுதாத பலகை

இவ்வளவும் செய்தபோது நெஞ்சில் முள்ளாக இருந்தது பெரிய வீடு. மரக்கால் கொடுத்தது அவர்கள். நம்பிக் கொடுத்தார்கள். அதைக்கொண்டே அவர்கள் தாத்தா அளந்த அளவைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறோம். குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி. இரவல் வாங்கிய பொருளால் கொடுத்தவரைச் சுடலாமா என்று மளிகைக் கடைக்காரர் கேட்டார். கல்லூரி மாணவி, என் பாட்டி பட்டினி கிடந்தது இரவல் இல்லை என்றாள். இருவருமே என் மாணவர்கள். அன்றைக்குக் கூட்டம் முடியாமல் கலைந்தது.

மறுநாள் காலை பெரியவரைப் பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார வைத்து, மோர் கொடுக்கச் சொன்னார். நான் எதையும் மறைக்கவில்லை. பாட்டி வந்தது, அளந்தது, முறம், உழக்கு எல்லாம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. முற்றத்துக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சின்ன வயதில் கேட்டிருக்கிறேன் டீச்சர், ஏன் இரண்டு இருக்கிறது என்று. அது அப்படித்தான் என்று சொன்னார்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை" என்றார். எனக்கு என் பதிவேடு நினைவுக்கு வந்தது. அவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

பொருளைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: பலகையில் வீட்டுப் பெயர் வேண்டாம். ஒத்துக்கொண்டேன். மற்ற எல்லாப் பொருளுக்கும் கீழே "வழங்கியவர்" என்று ஒரு வரி இருக்கிறது, 41-க்கும் 42-க்கும் இல்லை. இது சரியா என்று எனக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. இரட்டை மரக்கால் எத்தனையோ பண்ணைகளில் இருந்ததுதான், ஒரு வீட்டை மட்டும் சுட்டுவது நியாயமில்லை என்று ஒரு மனம் சொல்கிறது. யாருடையது என்று சொல்லாத அநியாயம் யாருடையதும் இல்லாமல் போய்விடும் என்று இன்னொரு மனம் சொல்கிறது. ஊருக்குள் தினமும் முகத்தில் முழிக்கிற மனிதர்கள் சேர்ந்து அமைக்கிற காட்சிக்கூடம் இது. தஞ்சாவூரிலோ சென்னையிலோ இருக்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. பதிவேட்டில் பெயர் இருக்கிறது. பதிவேடு யார் கேட்டாலும் காட்டப்படும். அந்த அளவுக்குத்தான் என்னால் முடிந்தது.

பாட்டியிடமும் கேட்டோம், அவர் பெயரை எழுதலாமா என்று. "என் பெயர் எதற்கு, அளக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர்" என்றார். பேத்தி விடவில்லை. அவர் அளக்கிற கைகளின் படத்தை மட்டும் எடுத்துச் சுவரில் மாட்டியிருக்கிறாள். முகம் இல்லை. நடவு நட்டு நட்டு நகக்கண் எல்லாம் சேற்றுப்புண் ஆறிய தழும்போடு இருக்கிற இரண்டு கைகள், நெல்லை உதிர்க்கின்றன.

திறந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. போன தை மாதம், பொங்கல் கழிந்த வாரத்தில், பக்கத்து ஊரிலிருந்து நடுத்தர வயதுக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். கேரியரில் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு மூட்டை. பிள்ளை பள்ளிக்கூடத்தோடு வந்து பார்த்துவிட்டு வீட்டில் சொன்னானாம். பிரித்தால் ஒரு மரக்கால். தன் தாத்தா விவசாயிகள் சங்கத்தில் இருந்தவர், செத்துப்போகும்வரை இதைத் தலைமாட்டில் வைத்திருந்தார், ஏனென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்றார். இந்த முறை நான் பேனாவை எடுக்கவில்லை. பேத்தியை அனுப்பி முதலில் பாட்டியை அழைத்து வரச் சொன்னேன்.

அவர் வந்தார். வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அதை வாங்கிக் கவிழ்த்தார், அடியைத் தட்டினார், விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். பாதிச் சுற்றில் விரல் நின்றது. அந்த இடத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார். தேய்ந்துபோன ஒரு முத்திரை. பாயில் உட்கார்ந்து பெரியதை நிரப்பி அதில் கொட்டினோம். ஒரு கைப்பிடி வழிந்தது. சின்னதை நிரப்பிக் கொட்டினோம். விளிம்புக்குச் சற்றுக் கீழேயே நெல் நின்றுவிட்டது. சைக்கிளில் வந்தவர் குனிந்து அந்தக் குறையைப் பார்த்தார், பிறகு கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பதிவேட்டில் எண் 117. என்ன எழுதுவது என்று பாட்டியிடம் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்றேகால் பக்கம் வந்தது.